ட்ரெடில் மெசினில் ரோலர் கடகடக்கிறது: புது றப்பர் போடலாமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன் தம்பி, பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். அப்பப்பாவின் பழைய ட்ரெடில், அதாவது காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெசின், புதுக்குடியிருப்பில் இருக்கிறது. கனகாலம் தறப்பாளுக்குக் கீழே கிடந்ததைத் துடைத்து, மிதிபலகையைக் கழற்றிவிட்டு மோட்டர் பூட்டியிருக்கிறீர்கள். மை பூசுகிற மூன்று ரோலரும் ஏறும்போதும் இறங்கும்போதும் கடகடவென்று சத்தம், அப்பப்பா காலத்தில் அது இல்லை. கண்ட இடமெல்லாம் கிறீஸ் பூசினீர்கள். இரண்டு நாள் குறைந்தது, பிறகு முன்னையைவிடக் கூடிவிட்டது. மூன்று ரோலரையும் கொழும்புக்கு அனுப்பிப் புது றப்பர் போடச் சொல்கிறார்கள், போடலாமா என்பது உங்கள் கேள்வி. இப்படியே ஓட்டினால் மெசின் உடைந்துபோகுமோ என்ற பயமும் இருக்கிறது. அதை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் தெரிகிறது.

இப்போதைக்குப் போட வேண்டாம். ஏனென்று சொல்வதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி. யாழ்ப்பாணத்தில் அச்சுக்கோக்கப் பழகியவன் நான். 1995இல் யுத்த இடப்பெயர்வோடு வன்னிக்கு வந்து மல்லாவியில் ஒரு சின்ன அச்சகத்தில் ட்ரெடில் மிதித்தேன். மின்சாரமும் இல்லை, எரிபொருளுக்கும் தடை, ஆகவே காலால் ஓடுகிற மெசினுக்கு இருந்த மரியாதை வேறெதற்கும் இருக்கவில்லை. பிறகும் அங்கங்கே பழைய மெசின்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் கையால் தாள் வைக்கிற மெசின்கள்தான். தானே தாள் எடுத்து ஓடும் ஹைடல்பேர்க்கை நான் பிரித்துப் பார்த்ததில்லை. அதனால் கீழே எழுதுவதை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

மெசினின் பெயர் பொறித்த இடம் அழிந்துபோய்விட்டது என்று கவலைப்படுகிறீர்கள். இந்த வேலைக்குப் பெயர் அவ்வளவு முக்கியமில்லை. 1850களில் நியூயோர்க்கில் கோர்டன் என்ற அச்சுக்காரர் வகுத்த அமைப்பைத்தான் பிறகு பலரும் செய்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1881இல் தொடங்கிய சாண்ட்லர் அன்ட் பிரைஸ் அதில் பேர்போனது. இங்கிலாந்தின் ஹலிஃபாக்ஸில் ஜோசையா வேட் செய்த ‘அராப்’ மெசினும் ஏறத்தாழ இந்தக் குடும்பம்தான். ஒரு பக்கம் பாரம் (எழுத்துகளைக் கோத்து முடுக்கிய சட்டம்), மறுபக்கம் தாள்தட்டு, இரண்டும் சிப்பி மூடுவதுபோலச் சேர்ந்து அழுத்தும், ரோலர்கள் மேலே மைத்தட்டுக்கும் கீழே பாரத்துக்குமாகப் போய்வரும். இதுதான் எல்லாவற்றிலும்.

சரி, சத்தத்துக்கு வருவோம். ரோலர் என்பது ஒரு இரும்புத் தண்டும் அதைச் சுற்றிய றப்பரும்தான். மெத்தென்ற றப்பர் மையின் மேல் உருளும்போது கடகடக்க அதில் ஒன்றுமில்லை. மை கடுமையாக இருந்தால் பிசுபிசுவென்று ஒரு ஒலி வரும், அவ்வளவுதான். சத்தம் போடுவது ரோலரைத் தாங்கிப் பிடித்திருக்கிற சாமான்கள். தண்டின் இரண்டு முனையிலும் இருக்கிற சின்னச் சில்லுகள், அவை ஓடும் தண்டவாளம், தண்டைப் பிடிக்கிற கொளுக்கிகள், கொளுக்கிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிறிங்குகள். இவை அத்தனையும் இரும்பு. இவற்றில் எது தேய்ந்தாலும் பழி றப்பருக்குத்தான் போகும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். அரைமணி நேர வேலை, பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மோட்டரின் வயரைக் கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் நிப்பாட்டினால் போதாது, வயரையே கழற்றுங்கள். பெல்ற்றையும் எடுத்துவிடுங்கள். இந்த மெசினுக்கு விரலும் ஒன்றுதான், தாளும் ஒன்றுதான். பிறகு கொளுக்கிகளை ஸ்பிறிங்குக்கு எதிராக இழுத்து மூன்று ரோலரையும் எடுத்து ஒரு பக்கம் வையுங்கள். எது முதலாவது, எது இடப்பக்கம் என்று சோக்கால் அடையாளம் போட மறக்க வேண்டாம், தேய்மானம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இப்போது பெருஞ்சில்லை (மெசினின் பக்கத்தில் சுற்றுகிற கனத்த பெரிய சில்லு, ஃபிளைவீல்) கையால் மெல்லச் சுற்றுங்கள். வெறும் கொளுக்கிகள் லேசாகக் கிலுகிலுக்கும், அதை விட்டுவிடுங்கள். அந்தக் கடகடப்பு அப்படியே இருக்கிறதென்றால் ரோலருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கொழும்புக்கு அனுப்பினால் காசு வீண்தான்.

அப்படி இருந்தால் ஒரு அடிப்புக்கு, அதாவது ஒரு தாள் அச்சாவதற்குள், எத்தனை தரம் சத்தம் கேட்கிறது என்று எண்ணுங்கள். தாள்தட்டு ஒருமுறை மூடித் திறப்பதற்குள் பெருஞ்சில்லு பல சுற்றுச் சுற்றும். அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘தொம்’ வந்தால், பெருஞ்சில்லையோ சின்னப் பல்லுச்சில்லையோ தண்டோடு பிடித்து வைத்திருக்கிற ஆப்பு தளர்ந்திருக்கிறது. ஒரு அடிப்புக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ என்றால் பெரிய பல்லுச்சில்லின் பக்கம் பாருங்கள். ஒரே ஒரு மெல்லிய ‘டிக்’ மட்டும் மேலே மைத்தட்டுப் பக்கம் கேட்டால் அது நல்ல சத்தம். மைத்தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிற கொக்கி பல்லில் விழுகிற ஒலி. அது கேட்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

பெரிய பல்லுச்சில்லின் பக்கவாட்டில் வளைந்து போகிற ஒரு பள்ளம் இருக்கும். அதற்குள் ஒரு இரும்பு உருளை ஓடுகிறது. தாள்தட்டை முன்னும் பின்னும் ஆட்டுவது அதுதான். பார்க்கச் சின்னச் சாமான், ஆனால் அடிப்பின் சுமை முழுக்க அதன் மேல். அதற்கும் பெயர் ரோலர்தான்! ‘ரோலரில் சத்தம்’ என்று உங்களுக்கு யாராவது பழைய ஆள் சொல்லியிருந்தால் அவர் இதைச் சொன்னாரா, மை ரோலரைச் சொன்னாரா என்று திரும்பக் கேளுங்கள். இந்த உருளை தன் அச்சில் தாராளமாகச் சுற்ற வேண்டும். எண்ணெய் இல்லாமல் இறுகினால் சுற்றாது, பள்ளத்தின் சுவரில் உரசிக்கொண்டே போகும். உரசிய பக்கம் சப்பையாகும். சப்பையானது பிறகு எண்ணெய் விட்டாலும் உருளாது, தாள்தட்டு போக்கை மாற்றுகிற இடத்தில் ‘டக்’ என்று விழும்.

மல்லாவியில் எங்களுக்கு நடந்தது இதுதான். 1998 என்று நினைவு. கடகடப்பு வந்ததும் முதலாளி ரோலர் பழுது என்றே முடிவு கட்டிவிட்டார். றப்பருக்கு எங்கே போவது? அவரிடம் பழைய வார்ப்புக் குழாய் ஒன்று இருந்தது. வச்சிரப் பசையை ஊறப் போட்டு, சர்க்கரைப் பாகு சேர்த்து, வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, அந்தக் காலத்து முறைப்படி மூன்று ரோலரும் வார்த்தோம். இரண்டு நாள் வேலை. வார்த்த ரோலர் அழகாகத்தான் வந்தது. பூட்டி மிதித்தால் அதே கடகட. கடைசியில் சோக்கட்டியால் அந்தப் பள்ளத்து உருளையில் ஒரு கோடு கீறிவிட்டு மெல்லச் சுற்றிப் பார்த்தோம். கோடு இருந்த இடத்திலேயே நின்றது. உருளை அசையவில்லை. அதற்குப் போகும் எண்ணெய்த் துவாரம் தேங்காயெண்ணெயும் கடதாசித் தூசும் சேர்ந்து களியாகி அடைத்துக் கிடந்தது. மெசின் எண்ணெய் கிடைக்காத காலம், தேங்காயெண்ணெய்தான் விட்டுக்கொண்டிருந்தோம். வார்த்த ரோலர் அடுத்த சித்திரை வெயிலில் தொய்ந்தது வேறு கதை.

இதே சோக்கட்டிப் பரிசோதனையை நீங்களும் செய்யுங்கள். உருளை சுற்றவில்லையென்றால் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, கம்பியால் துவாரத்தைக் குத்தி எடுத்து, 30ஆம் இலக்க (SAE 30) மெசின் எண்ணெய் விடுங்கள். கிறீஸ் வேண்டாம். இந்த மெசின்களின் துவாரங்கள் எண்ணெய்க்காகத் துளைத்தவை. கிறீஸ் வாயிலேயே நின்று தூசைச் சேர்க்கும், உள்ளே போகாது. யாரோ பெயின்ற் அடித்து மறைத்த துவாரங்களும் இருக்கும், சுரண்டித் தேடுங்கள். சப்பையாகிவிட்டதென்றால் கழற்றி லேத் பட்டறையில் புதிது கடையச் சொல்லலாம். ரக்ரர் சாமான் கடைகிற ஆளுக்கு இது பெரிய வேலையில்லை.

இப்போது மறுபக்கம். ரோலரைக் கழற்றியதும் சத்தம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு ரோலராகப் பூட்டிச் சுற்றுங்கள். எந்த ரோலரோடு சத்தம் திரும்ப வருகிறது, ஓட்டத்தின் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் தண்டவாளத்தில். நீங்களே அதற்குக் கிறீஸ் பூசியிருக்கிறீர்கள், இரண்டு நாள் நின்று பிறகு கூடியது என்பதும் அதோடு பொருந்துகிறது. முனைச் சில்லு தண்டவாளத்தைப் பற்றி உருண்டால்தான் ரோலரும் அதோடு சேர்ந்து உருளும். எங்களுடைய மெசின்களில் சில்லுக்கும் தண்டுக்கும் இடையே ஒரு முளையும் காடியும் இருக்கும், இரண்டும் சேர்ந்து சுற்றுவதற்காக. தண்டவாளத்தில் வழுக்கல் இருந்தால் சில்லு உருளாமல் சறுக்கும். பாரத்தின் விளிம்பில் றப்பர் திடீரென்று பிடிக்கும், உடனே எல்லாம் ஒரு உதறு உதறும். அந்த உதறல்தான் கடகட. பாரத்தின் ஓரத்து எழுத்துகளில் மை வழிந்து அப்பியிருந்தால் இதை உறுதி என்றே எடுத்துக்கொள்ளலாம். கிறீஸ் றப்பரில் பட்டால் அது ஊதும் என்பது இன்னொரு வில்லங்கம். ஆகவே தண்டவாளம் இரண்டையும் மண்ணெண்ணெயால் கழுவி, காய்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். தறப்பாளுக்குக் கீழே கிடந்த மெசின் என்பதால் துருக்குழிகள் இருக்கும். அவற்றின் மேல் சில்லு ஓடினால் கரகர என்று கேட்கும். மெல்லிய எமரித்தாளால் நீளவாக்கில் உரசுங்கள். குறுக்கே உரச வேண்டாம், அரம் பக்கமே போக வேண்டாம். தண்டவாளம் தேய்ந்து தாழ்ந்தால் நிமிர்த்துவது பெரிய பாடு.

எண்ணெய் எங்கே விட வேண்டுமென்றால், தண்டின் முனை கொளுக்கிக்குள் சுற்றுகிற இடத்தில் ஒரு சொட்டு, கொளுக்கியின் கம்பி ரோலர் கைக்குள் ஏறி இறங்குகிற இடத்தில் ஒரு சொட்டு. கீச்சென்ற சத்தம் இருந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடம்தான். அதோடு கொளுக்கியை விரலால் இழுத்து விட்டுப் பாருங்கள். இடமும் வலமும் ஒரே பலத்தோடு திரும்பி அடிக்க வேண்டும். ஒரு பக்க ஸ்பிறிங் சோர்ந்திருந்தால் ரோலர் அந்தப் பக்கம் துள்ளும். ஸ்பிறிங்கை ஒற்றையாக மாற்றாதீர்கள், சோடியாக மாற்றுங்கள். கொளுக்கிக்குள் இருக்கிற தண்டு முனை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் எந்த எண்ணெயும் உதவாது, லேத்தில் சரிசெய்துதான் ஆக வேண்டும்.

அடுத்தது சில்லின் அளவு. சில்லின் விட்டமும் றப்பரின் விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நேரான இரும்பு அடிமட்டத்தை சில்லின் மேலும் றப்பரின் மேலும் படுகிற மாதிரி நீளவாக்கில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். சில்லின் மேல் இடைவெளி தெரிந்தால் சில்லு தேய்ந்துவிட்டது, அல்லது றப்பர் ஊதிவிட்டது. அப்படியான ரோலர் பாரத்துக்கு உயரம் போதாமல் தாழ்ந்து ஓடும். எழுத்தின் முதல் வரிசையில் முட்டி ஏறும், கடைசி வரிசையில் தொப்பென்று இறங்கும். ஈய எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மில்லிமீற்றர். தண்டவாளமும் அதே உயரத்தில் நின்றால் ரோலர் எழுத்தைத் தடவிக்கொண்டு போகும். பார்க்க ஒரு லேசான வழி இருக்கிறது. ஒரே உயரமுள்ள நாலு பெரிய எழுத்தைப் பாரத்தின் நாலு மூலையிலும் முடுக்கி, மை பூசிய ரோலரை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்தி, பின்வாங்கி, பட்ட கோட்டின் அகலத்தைப் பாருங்கள். இரண்டு மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. நாலு ஐந்து என்றால் ரோலர் தாழ்வு. ஒரு மூலையில் மட்டும் அகலமென்றால் அந்தப் பக்கத் தண்டவாளம் தேய்ந்திருக்கிறது. அதற்கு ஒட்டுநாடாவைத் தண்டவாளத்தின் முழு நீளத்துக்கும் ஒட்டி உயர்த்துவது உலகம் முழுக்க அச்சுக்காரர் செய்கிற வேலைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. தேய்ந்த இரும்புச் சில்லுக்குப் பதிலாக நைலோன் தடியில் கடைந்து போட்டால் சத்தம் பாதியாகும். ஆனால் அளவை றப்பருக்குப் பொருத்திக் கடைய வேண்டும். பழைய சில்லைக் கொண்டுபோய் ‘இதைப் போல’ என்று சொன்னால் தேய்ந்த அளவிலேயே புதுச் சில்லு வரும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். இப்போது அந்த மெசினில் என்ன அடிக்கிறீர்கள்? கலியாணக் கார்ட், கோயில் பொங்கல் நோட்டீஸ், இறந்தவர் நினைவாக அடிக்கிற கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் ஒவ்செட்டுக்கும் கொம்பியூட்டருக்கும் போய்விட்டன. வன்னியில் மிஞ்சியிருக்கிற ட்ரெடில்களுக்கு நான் கண்டவரை பற்றுச்சீட்டுப் புத்தகம்தான் வேலை. இலக்கம் போடுவது, கிழிக்கிற துளைக்கோடு போடுவது. அதுதான் என்றால் உங்கள் கடகடப்பின் ஒரு பகுதி அங்கேயே இருக்கலாம். இலக்கம் போடுகிற பெட்டியில், அழுத்தும்போது உள்ளே போய் எண்ணைத் தள்ளுகிற முளை எழுத்தைவிட உயர்ந்து நிற்கும். மூன்று ரோலரும் ஏறும்போது ஒருதரம், இறங்கும்போது ஒருதரம் அதில் முட்டும். ஓட்டத்துக்கு ஆறு ‘டக்’. பாரத்தின் இரண்டு ஓரத்திலும் எழுத்து உயரத்துக்கு நீளமான கட்டை முடுக்கிவிட்டால் ரோலர் அதில் தாங்கிப் போகும், முட்டல் குறையும். துளைக்கோட்டுத் தகடு இன்னும் மோசம், றப்பரை அறுத்துவிடும். துளைக்கோடு மட்டும் போடும் நாளில் ரோலரைக் கழற்றி வைத்துவிடுங்கள், அதற்கு மையே தேவையில்லையே. பாரத்தைக் கழற்றிவிட்டு மெசினை வெறுமையாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் பாரத்தில்தான்.

மோட்டரைப் பற்றி. கையால் தாள் வைக்கும் மெசினுக்கு மணிக்கு ஆயிரம் அடிப்பே நல்ல வேகம், நிமிடத்துக்கு 16, 17. உங்கள் மெசினில் ஒரு அடிப்புக்குப் பெருஞ்சில்லு எத்தனை சுற்று என்று கையால் எண்ணுங்கள். உதாரணத்துக்கு 6 என்றால் நிமிடத்துக்கு நூறு சுற்றுப் போதும். சாதாரண மோட்டர் 1440 சுற்று ஓடும். பதினாலு மடங்கு குறைக்க வேண்டும். மோட்டரில் இரண்டு அங்குலப் புல்லி போட்டு, பெருஞ்சில்லின் வெளிவட்டத்தின் மேலேயே தட்டைப் பெல்ற் ஓட்டினால் ஓரளவு அந்தக் கணக்குக்கு வரும். கைக்குக் கிடைத்த நாலு அங்குலப் புல்லியைப் போட்டிருந்தால் மெசின் இரட்டை வேகத்தில் ஓடுகிறது. காலால் மிதித்தபோது கேட்காத தேய்மானமெல்லாம் அந்த வேகத்தில் கத்தத்தான் செய்யும். அப்பப்பா காலத்தில் இந்தச் சத்தம் இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று தரை. மீள்குடியேறிக் கட்டிய பல வீடுகளில் மணலுக்கு மேல் மெல்லிய சீமெந்துதான். மெசினின் நாலு காலில் ஒன்று அந்தரத்தில் நின்றால் சட்டகம் முறுகும், ரோலர் கைகள் ஒன்றுக்கொன்று விலகி இழுபடும். ஒவ்வொரு காலுக்குக் கீழும் ஒரு கார்ட் மட்டையைச் செருகிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் அதை லேசாக விட்டால் அங்கே ஆப்பு வையுங்கள். பாலைமரக் கட்டை இரண்டைக் குறுக்கே போட்டு அதன் மேல் ஏற்றினால் இன்னும் நல்லது.

இதில் எனக்கு நிச்சயமானது இரண்டு. தண்டவாளத்துக் கிறீஸ் பிழை, அதை இன்றைக்கே துடைக்க வேண்டும். பள்ளத்து உருளை சுற்றாமல் இருந்தால் மெசினை ஓட்டக் கூடாது. ஓட்டினால் உருளையோடு பெரிய பல்லுச்சில்லின் பள்ளமும் தேயும், அதற்கு மாற்றுக் கிடைக்காது. மற்றவை, சத்தத்தைக் காதால் கேட்காமல் நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிற ஊகம். உடைந்துபோகுமா என்ற பயத்துக்கு, ரோலர் சில்லுக் கடகடப்பால் ஒரு மெசின் உடைந்ததை நான் பார்த்ததில்லை. சுத்தியலால் அடித்து உடைத்ததைப் பார்த்திருக்கிறேன். இது வார்ப்பிரும்பு, ஒரு அடியில் வெடிக்கும், சாதாரண வெல்டிங்கும் அதில் நிற்காது, பித்தளை வைத்து ஒட்டுவதுதான் வழக்கம். இறுகிய இடத்தில் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள்.

றப்பர் எப்போது மாற்ற வேண்டுமென்றால், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாமல் பளபளவென்று இறுகியிருந்தால், வெடிப்பு இருந்தால், அல்லது பல வருடம் மைத்தட்டில் சாய்ந்தே கிடந்து ஒரு பக்கம் சப்பையாகியிருந்தால். சப்பை என்றால் ரோலரைக் கண்ணாடியின் மேல் உருட்டும்போது ஒரு இடத்தில் நிற்கும். அப்படியென்றாலும் முதலில் சில்லும் தண்டவாளமும் சரியாகட்டும், பிறகு அந்த அளவைக் கொடுத்து றப்பர் போடச் சொல்லுங்கள்.

ரோலரைக் கழற்றிச் சுற்றியபோது சத்தம் இருந்ததா, ஒரு அடிப்புக்கு எத்தனை தரம், மோட்டரில் என்ன அளவுப் புல்லி என்ற மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். பள்ளத்து உருளை தெரிகிற மாதிரி ஒரு படமும் போட்டால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம்.